புவிக்காந்தத்தின் கதை – 17: மேலோட்டின் காந்தம், விண்ணிலிருந்து

புவியின் காந்தப்புலம் ஒரே மூலத்திலிருந்து வருவதில்லை. அதன் பெரும்பகுதி 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே, வெளிக்கருவத்தில் சுழன்றோடும் உருகிய இரும்பில் பிறக்கிறது. இன்னொரு பகுதி நம் தலைக்கு மேலே, அயனிமண்டலத்திலும் அதற்கு அப்பாலும் ஓடும் மின்னோட்டங்களால் உண்டாகிறது. மூன்றாவது பகுதி மேலோட்டுப் பாறைகளுக்கே உரியது. மூன்றிலும் இதுதான் எளிதில் கண்ணுக்குப் படாதது. தரைமட்டத்தில் மொத்தப் புலம் நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் ஏறத்தாழ 30,000 நானோடெஸ்லா. துருவங்களை ஒட்டி 60,000 வரை போகும். 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் ஒரு செயற்கைக்கோளுக்குப் பாறைகளிலிருந்து வந்து சேர்வது பெரும்பாலான இடங்களில் 10 நானோடெஸ்லாவுக்கும் குறைவு. உலகின் மிக வலிய சில இடங்களில் மட்டும் அது 20-ஐத் தொடுகிறது. ஆயிரங்களில் ஒரு பங்காக இருக்கும் இந்தச் சிறு பகுதியை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்தெடுத்து உலகப் படமாக வரைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த வேலையின் வரலாறு, சாரத்தில், எதை எப்படிக் கழிப்பது என்று கற்றுக்கொண்ட வரலாறு.

பாறை காந்தமாவதற்கு முதற்காரணம் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. கருங்கல்லிலும் பசால்ட்டிலும் சிறு துகள்களாகக் கலந்திருக்கும் இந்தக் கனிமம் புவிப்புலத்தில் இருக்கும்வரை அதன் திசையிலேயே காந்தமாகி நிற்கும். இது தூண்டப்பட்ட காந்தம். குழம்பு குளிர்ந்து பாறையானபோது அன்றிருந்த புலத்தின் திசையை உறைத்து வைத்துக்கொள்வது எஞ்சிய காந்தம். இரண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேக்னடைட் தன் காந்தத்தை இழந்துவிடுகிறது. கியூரி வெப்பநிலை என்பது இதுதான். பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறுவதால், சில பத்து கி.மீ. ஆழத்துக்குக் கீழே பாறைகளில் காந்தம் இல்லை. சூடான எரிமலைப் பகுதிகளில் இந்த எல்லை மேலே வந்துவிடும். பழைய, குளிர்ந்த கண்டப் பகுதிகளில் ஆழமாக இறங்கும். அந்த எல்லைக்கும் கருவத்துக்கும் நடுவே இரண்டாயிரத்து எண்ணூறு கி.மீ.க்கும் மேற்பட்ட கனத்துக்குக் காந்தமற்ற பாறை கிடக்கிறது. மேலோட்டின் காந்தத்தையும் கருவத்தின் காந்தத்தையும் பிரித்தறிய முடிவதே இந்த இடைவெளியால்தான்.

உயரம் என்ன செய்கிறது என்பதை இங்கேயே கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது, பின்னால் வரும் ஒவ்வொரு திட்டமும் இந்தக் கணக்கோடு போராடியதுதான். தரையில் ஒரு காந்த அமைப்பின் அலைநீளம், அதாவது ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கான தூரம், 1,000 கி.மீ. என்று கொள்வோம். 400 கி.மீ. உயரத்தில் அதன் புலம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். 400 கி.மீ. அலைநீளம் என்றால் ஐந்நூறில் ஒரு பங்கே மிஞ்சும். 100 கி.மீ. அமைப்பு ஒன்று விண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். செயற்கைக்கோளை 450 கி.மீ.யிலிருந்து 300 கி.மீ.க்கு இறக்கினால் 400 கி.மீ. அமைப்பின் குரல் பத்து மடங்கு உயரும். ஆனால் 300 கி.மீ.யில் காற்றின் இழுவை கோளை வேகமாகக் கீழே இழுத்துவிடும். தாழப் பறந்தால் தெளிவு, உயரப் பறந்தால் ஆயுள்.

முதல் காந்தமானிகள் விண்ணுக்குப் போனபோது பாறைகள் யாருடைய கருத்திலும் முதன்மையாக இல்லை. சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் 3, 1958 மே மாதத்தில் ஒரு காந்தமானியோடு பறந்தது. அமெரிக்காவின் வான்கார்டு 3, 1959 செப்டம்பரில் புரோட்டான் காந்தமானியோடு போனது. 1964 அக்டோபரில் ஏவப்பட்ட சோவியத் காஸ்மாஸ் 49 சில நாட்களே உயிரோடிருந்தாலும் முதன்முறையாக உலகின் பெரும்பகுதியை ஒரே கருவியால் அளந்தது. அதன் பாதை ஏறத்தாழ 49 பாகை அகலாங்குக்கு அப்பால் போகவில்லை. துருவப் பகுதிகள் விடுபட்டன. இந்த அளவீடுகளின் நோக்கம் கருவத்தின் புலத்துக்கு நல்ல கணித மாதிரி ஒன்றைப் பெறுவது. 1839-இல் காவுஸ் வகுத்துக்கொடுத்த கோள ஒத்திசைகளே அதற்குக் கருவி. புலத்தைப் பெரிய அலைகள், நடுத்தர அலைகள், சிறிய அலைகள் என்று படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் எடை கொடுப்பது அந்த முறை. 10-ஆம் படி என்றால் 4,000 கி.மீ. அலைநீளம், 100-ஆம் படி என்றால் 400 கி.மீ.

திருப்பம் நாசாவின் போகோ வரிசையோடு வந்தது. துருவப் பாதையில் சுற்றிய மூன்று செயற்கைக்கோள்கள் அவை: ஓஜிஓ 2 (1965), ஓஜிஓ 4 (1967), ஓஜிஓ 6 (1969). ருபிடியம் ஆவி காந்தமானிகளைச் சுமந்து 1971 வரை அளவெடுத்தன. தாழ்நிலையில் 400 கி.மீ.யை ஒட்டி வந்தாலும் உச்சநிலை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று போனது. புலத்தின் திசையை அவை அளக்கவில்லை; மொத்த வலிமையை மட்டுமே அளந்தன.

கோடார்டு விண்வெளி மையத்தில் ஜோசப் கெய்னும் உடன் பணியாற்றியவர்களும் இந்த அளவீடுகளிலிருந்து கருவப் புலத்தின் மாதிரியைக் கழித்தார்கள். மிஞ்சியது சில நானோடெஸ்லா. முதலில் பார்த்தால் அது கருவிப் பிழையாகவும் இருக்கலாம், அயனிமண்டல இரைச்சலாகவும் இருக்கலாம். பாறை என்று முடிவு கட்ட ஒரே வழி, திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. அயனிமண்டல மின்னோட்டங்கள் நேரத்துக்கு நேரம், நாளுக்கு நாள் மாறும். பாறை மாறாது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு கோள்கள் கடந்தபோதும் ஒரே இடத்தின் மேல் ஒரே பள்ளம் விழுந்தால் அது நிலத்துக்குச் சொந்தமானது. அப்படி மறுக்கவே முடியாதபடி நின்ற இடம் நடு ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்குயி. ரீகன், கெய்ன், டேவிஸ் மூவரும் 1975-இல் வெளியிட்ட உலகக் காந்தப் பிறழ்வுப் படத்தில் அது கண்டத்தின் நடுவே பெரிய எதிர்மறைத் திட்டாகத் தெரிகிறது. செயற்கைக்கோள் தரவிலிருந்து வரையப்பட்ட இவ்வகை உலகப் படங்களில் முன்னோடி அது.

பாங்குயி பிறழ்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1950-களில் பிரெஞ்சு அளவையாளர்கள் அந்தப் பகுதியில் தரையில் எடுத்த அளவீடுகளிலேயே வழக்கத்துக்கு மாறான எண்கள் இருந்தன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த புள்ளிகளை வைத்து அதன் முழு உருவத்தை யாராலும் ஊகிக்க முடியவில்லை. விண்ணிலிருந்து பார்த்தபோதுதான் அது நூற்றுக்கணக்கான கி.மீ. விரிந்த ஒற்றை அமைப்பு என்று புரிந்தது. 400 கி.மீ. உயரத்தில்கூட ஏறத்தாழ 20 நானோடெஸ்லா குறைகிறது. குறைவதைப் பார்த்து அங்கே காந்தம் குறைந்த பாறை இருப்பதாக நினைத்தால் நேர்மாறான முடிவுக்குப் போய்விடுவோம். பாங்குயி காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அங்கே புவிப்புலம் தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காகக் கிடக்கிறது. பாறையும் அதே திசையில் காந்தமாகிறது. வடக்கு நோக்கிக் காந்தமான ஒரு பாறைத்திரளுக்கு நேர்மேலே அதன் சொந்தப் புலம் வளைந்து தெற்கு நோக்கித் திரும்பி வருகிறது. அது புவிப்புலத்துக்கு எதிர். ஆகவே வலிய காந்தப் பாறைக்கு மேலே மொத்த வலிமை குறைகிறது.

ரஷ்யாவின் கூர்ஸ்க் இதற்கு நேர் எதிர். அது உயர்ந்த அகலாங்கு. அங்கே புவிப்புலம் செங்குத்துக்கு நெருக்கமாகக் கீழ்நோக்கிப் பாய்கிறது. பாறைக்கு நேர்மேலே அதன் புலமும் அதே திசையில் சேர்ந்துகொள்வதால் கூடுதல் பதிவாகிறது. கூர்ஸ்கின் இரும்புக் குவார்ட்சைட் பாறைகள் தரையில் திசைகாட்டியையே நிலைகுலைய வைப்பவை. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அளவையாளர்கள் அதைக் குறித்துவந்தார்கள். அந்தப் பிறழ்வுக்குக் காரணம் இன்னது என்று சுரங்கமே காட்டிவிட்டது. பாங்குயிக்கு அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை. பழங்காலத்தில் விழுந்த பெரும் விண்கல்லின் தாக்கம் என்பது ஒரு கருத்து. மேலோட்டின் அடியில் இரும்புச்சத்து மிகுந்த பாறைத்திரள் என்பது இன்னொரு கருத்து. புவியிலேயே மிகப் பெரிய கண்டப் பிறழ்வுகளில் ஒன்றின் மூலம் இன்றும் விவாதத்தில் இருப்பது, மேலிருந்து பார்ப்பதன் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. புலம் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லும். அதை உண்டாக்கும் பாறை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு கனத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரே புலத்திலிருந்து பல விடைகள் கிடைக்கும்.

போகோ தரவின் குறை 1970-இல் வேறொரு பக்கத்திலிருந்து வெளிப்பட்டது. ஜார்ஜ் பேக்கஸ் என்ற கணித இயற்பியலாளர், புலத்தின் வலிமையை மட்டும் உலகம் முழுவதும் பிழையின்றி அளந்தாலும் அதிலிருந்து புலத்தைத் தனித்தீர்வாகப் பெற முடியாது என்று நிறுவினார். ஒரே வலிமையைத் தரக்கூடிய வெவ்வேறு புலங்கள் இருக்க முடியும். இந்தக் குழப்பம் காந்த நடுக்கோட்டை ஒட்டி மிக மோசம். வலிமையை மட்டும் வைத்துச் செய்த மாதிரிகளில் அங்கே திசைக்கூறுகள் ஆயிரம் நானோடெஸ்லா அளவுக்குப் பிசகக்கூடும். ஆகவே அடுத்த செயற்கைக்கோள் திசையையும் அளந்தாக வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தச் செயற்கைக்கோள்தான் மேக்சாட். 1979 அக்டோபர் 30-ஆம் நாள் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து ஸ்கவுட் ராக்கெட்டில் ஏவப்பட்டது. தாழ்நிலை ஏறத்தாழ 350 கி.மீ., உச்சநிலை 560 கி.மீ. திட்டத்தின் அறிவியல் தலைவர் ராபர்ட் லாங்கல்; திசைக்கூறு காந்தமானியை வடிவமைத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த மரியோ அக்குன்யா. திசையை அளப்பது எவ்வளவு கடினம் என்பதை ஓர் எண்ணே சொல்லிவிடும். 50,000 நானோடெஸ்லா புலத்தில், காந்தமானி எந்தத் திசையில் நிற்கிறது என்பதில் 20 விகலை பிழை வந்தால் அளவில் ஏறத்தாழ 5 நானோடெஸ்லா பிழை வரும். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. தேடும் பாறைக் காந்தமே 5, 10 நானோடெஸ்லாதான்.

திசையை அறிய விண்மீன்களைப் பார்க்கும் கேமராக்கள் தேவை. அன்றைய கேமராக்கள் கனமானவை, அவற்றுக்கே சொந்தக் காந்தமும் இருந்தது. காந்தமானியின் பக்கத்தில் அவற்றை வைக்க முடியாது. ஆகவே கேமராக்கள் கோளின் உடலிலேயே நின்றன. காந்தமானிகள் 6 மீட்டர் நீளத் தண்டின் நுனிக்குப் போயின. வெயிலிலும் குளிரிலும் தண்டு வளையும், முறுகும். அந்த முறுக்கை அளக்க, நுனியில் கண்ணாடிகளைப் பொருத்தி, உடலிலிருந்து ஒளிக்கதிரை அனுப்பி, திரும்பி வரும் கோணத்தைப் பதிவுசெய்தார்கள். இத்தனையும் சேர்ந்து திசைக்கூறுகளை 6 நானோடெஸ்லாவுக்குள், மொத்த வலிமையை 3 நானோடெஸ்லாவுக்குள் தந்தன. 1970-களின் தொழில்நுட்பத்துக்கு இது பெரும் சாதனை என்றே கொள்ள வேண்டும்.

மேக்சாட் எப்போதும் பகலும் இரவும் சந்திக்கும் விடியல்-அந்திக் கோட்டின் மேலேயே சுற்றிவந்தது. சூரியத் தகடுகளுக்கு ஓயாத வெளிச்சம். நண்பகலில் கொதித்தெழும் அயனிமண்டல மின்னோட்டங்களிலிருந்து ஓரளவு விலக்கு. ஆனால் 1979-80 சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்த காலம். மேல்வளிமண்டலம் விரிந்து, இழுவை கூடி, ஏழரை மாதத்தில், 1980 ஜூன் 11-இல், கோள் கீழே வந்து எரிந்தது. அந்த ஏழரை மாதத் தரவின் மேல் உலகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை செய்தது.

அதில் கிடைத்த முடிவுகளுள் ஒன்று இத்துறையின் அடிக்கல். லாங்கலும் எஸ்டெஸும் 1982-இல், கோள ஒத்திசைகளின் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு காந்த ஆற்றல் இருக்கிறது என்று வரைந்தார்கள். முதற்படியிலிருந்து 13-ஆம் படிவரை ஆற்றல் செங்குத்தாகச் சரிகிறது. அதன்பின் திடீரென்று கோடு ஏறத்தாழக் கிடையாகப் படுத்துவிடுகிறது. சரிவு கருவத்துக்குரியது: ஆழத்தில் இருக்கும் மூலத்தின் சிறு அலைகள் மேலே வருவதற்குள் அடங்கிவிடும். கிடைக்கோடு மேலோட்டுக்குரியது: மூலம் அருகில் இருப்பதால் சிறு அலைகளும் தப்பி வருகின்றன. இரண்டு கோடுகளும் முட்டுமிடத்தில் ஒரு முழங்கால் மடிப்பு. இப்படிக் கழித்தலுக்கு ஒரு நேர்மையான எல்லை கிடைத்தது. ஆனால் விலையும் இருந்தது. 13-ஆம் படிக்குக் கீழே, அதாவது 3,000 கி.மீ.க்கு மேற்பட்ட அலைநீளங்களில், மேலோட்டுக்கும் காந்தம் உண்டு. அது கருவத்தின் பிரம்மாண்டமான புலத்துக்கு அடியில் புதைந்துபோயிருக்கிறது. கண்டத்துக்கும் கடலடிக்கும் உள்ள ஒட்டுமொத்த வேறுபாடு பெருமளவு அந்தப் புதைந்த பகுதியில்தான் அடங்கும். இன்றுவரை எந்தச் செயற்கைக்கோளும் அதை நேரடியாகப் பிரித்துக் காட்டியதில்லை.

பாறைக் காந்தம் பழையது என்பதற்கு ஒரு சோதனை கண்டங்களை மீண்டும் ஒட்டிப் பார்ப்பது. 1983-இல் ஃப்ரே, லாங்கல் குழுவினர் போகோ படத்தை வெட்டி, பிளவுபடாத பாஞ்சியா பெருங்கண்டத்தின் மேல் பொருத்தினார்கள். இன்று பெருங்கடலுக்கு இருபுறமும் தனித்தனியே கிடக்கும் பிறழ்வுகள் சில அப்போது பக்கத்தில் பக்கம் வந்து சேர்ந்தன. கண்டங்கள் பிரியுமுன்பே அந்தப் பாறை அமைப்புகள் உருவாகிவிட்டன என்பதற்கு அது நல்ல சான்று. கடலடியில் நிலைமை வேறு. நடுக்கடல் முகடுகளுக்கு இருபுறமும் ஓடும் காந்தப் பட்டைகளை 1963-இல் வைனும் மேத்யூஸும் விளக்கியதைப் பற்றி முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். புலம் திசை மாறி மாறி நின்றதால் பட்டைகளும் எதிரெதிராக அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவற்றின் அகலம் பெரும்பாலும் சில பத்து கி.மீ.தான், விண்ணுயரத்தில் ஒன்றை ஒன்று தீர்த்துவிடுகின்றன. விதிவிலக்கு ஒன்று உண்டு. கிரெட்டேசியக் காலத்தில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, புலம் திசை மாறாமலேயே நின்றது. அந்த நெடுங்காலத்தில் உருவான கடலடி அகன்ற பட்டையாக இருப்பதால் செயற்கைக்கோளுக்கும் தெரிகிறது. வட அட்லான்டிக்கில் இதை மேக்சாட் தரவிலேயே கண்டு 1985-இல் லாபிரெக்கும் ரேமண்டும் எழுதினார்கள்.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் இரண்டு இடங்கள் உண்டு. மேக்சாட் தரவை ஆய்ந்தவர்களில் மும்பையின் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இந்தியப் பகுதிக்கான பிறழ்வுப் படங்களை அவர்கள் உருவாக்கினார்கள். மற்றது இயற்கை வைத்த தடை. காந்த நடுக்கோடு தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிக் கடந்து செல்கிறது. 1963-இல் தும்பா ராக்கெட் தளம் அங்கே அமைந்ததற்கும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் அந்த நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குவதற்கும் காரணம் அதுவே. நடுக்கோட்டின் மேலே, 105 கி.மீ. உயரத்தையொட்டி, பகல் நேரத்தில் ஒரு குறுகிய மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. நடுக்கோட்டு மின்தாரை என்று அதற்குப் பெயர். அதன் காந்தப்புலம் சில பாகை அகலத்துக்குள் அடங்கிய நீண்ட பட்டை. உருவத்தில் ஒரு பாறைப் பிறழ்வு போலவே இருக்கும். கருவியும் கோளும் எவ்வளவு நல்லவையானாலும், குமரிமுனையிலிருந்து இலங்கை வழியே போகும் பாதையில் பாறையையும் மின்தாரையையும் பிரிப்பது தனி வேலை. மேக்சாட்டின் அந்திப் பாதைகளில் இந்தக் கலப்படம் விடியற்பாதைகளைவிட அதிகம். பல வரைபடங்கள் அதனால் கெட்டன.

மேக்சாட்டுக்குப் பிறகு திசைக்கூறுகளைத் துல்லியமாக அளக்க 19 ஆண்டுகள் எதுவும் போகவில்லை. அந்த வறட்சியை முடித்தது டென்மார்க். 62 கிலோ எடை மட்டுமே கொண்ட ஓயர்ஸ்டெட் 1999 பிப்ரவரி 23-இல் ஏவப்பட்டது. இதற்குள் விண்மீன் கேமரா சிறிதாகி, காந்தச் சுத்தமாகி, தண்டிலேயே காந்தமானிக்கு அருகில் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது. கண்ணாடிகளும் ஒளிக்கதிர்களும் தேவையற்றுப்போயின. ஆனால் அதன் உயரம் 650 முதல் 850 கி.மீ. கருவத்துக்கு அது போதும். மேலோட்டுக்கு மிக உயரம். மேலோட்டுக்கான கோள் அடுத்த ஆண்டு, 2000 ஜூலை 15-இல், ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து புறப்பட்டது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவியறிவியல் மையம் உருவாக்கிய சாம்ப் அது.

454 கி.மீ.யில் தொடங்கிய சாம்ப் பத்தாண்டுகளில் மெல்ல மெல்ல இறங்கியது. நேரத்தையும் நாளையும் தேர்ந்து, இரவு நேர, காந்தப் புயலற்ற பாதைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியை நீண்ட ஆயுள் தந்தது. துல்லியம் கூடக்கூட, கழிக்க வேண்டிய புதிய பொருள்கள் வெளிப்பட்டன. 2003-இல் டைலர், மவுஸ், லூர் மூவரும் கடல் அலையேற்றத்தின் காந்தத்தைச் சாம்ப் தரவில் கண்டதாக அறிவித்தார்கள். உப்புநீர் மின்கடத்தி, நிலவின் இழுப்பால் அது புவிப்புலத்தின் குறுக்கே அசையும்போது மின்னோட்டம் எழுகிறது. விண்ணுயரத்தில் இரண்டு நானோடெஸ்லா அளவுதான். ஆனாலும் நாளுக்கு இருமுறை தவறாமல் வருவது. அதே ஆண்டில் லூர் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: அடர்ந்த அயனிமண்டலப் பிளாஸ்மாவுக்குள் கோள் நுழையும்போது பிளாஸ்மாவே புலத்தைச் சற்றுத் தள்ளிவிடுகிறது, அளவு சில நானோடெஸ்லா குறைகிறது. ஒரு தலைமுறைக்கு முன் அளவீட்டுப் பிழைக்குள் ஒளிந்திருந்தவை இவை. இப்போது ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்துக் கழிக்க வேண்டியிருந்தது.

அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. சாம்ப் 350 கி.மீ.க்கும் கீழே இறங்கிய ஆண்டுகளில் சூரியன் வழக்கத்துக்கு மீறி அமைதியாக இருந்தது. மேக்சாட்டுக்கு நேர்ந்ததற்கு நேர்மாறு. மேல்வளிமண்டலம் சுருங்கி இழுவை குறைந்ததால் அந்தத் தாழ்ந்த உயரத்திலேயே நெடுநாள் சுற்ற முடிந்தது. காந்தப் புயல்களும் அரிது. 2010 செப்டம்பர் 19-இல் எரிந்து விழுமுன் கடைசி மூன்று ஆண்டுகளில் அது எடுத்த அளவீடுகள் அதுவரை கிடைத்தவற்றில் மிகச் சிறந்தவை. ஸ்டெஃபான் மவுஸ் உருவாக்கிய எம்எஃப் 7 என்ற மாதிரி அந்தத் தரவிலிருந்து வந்தது; 133-ஆம் படிவரை, அதாவது ஏறத்தாழ 300 கி.மீ. அலைநீளம்வரை. ஆனால் இந்த வகை மாதிரிகளில் ஒரு குறை இருந்தது. அயனிமண்டல எச்சத்தை நீக்க, வடக்கு-தெற்காகச் செல்லும் ஒவ்வொரு பாதையிலிருந்தும் மென்மையான ஒரு வளைகோட்டைக் கழித்துவிடுவார்கள். அப்போது வடக்கு-தெற்காகவே நீண்டு கிடக்கும் உண்மையான பாறை அமைப்புகளும் சேர்ந்து கழிந்துவிடும்.

பனிக்கு அடியில் பார்ப்பதற்கும் இந்தப் படங்கள் பயன்பட்டன. 2005-இல் கேத்ரின் ஃபாக்ஸ் மௌல், மைக்கேல் புரூக்கர், நில்ஸ் ஓல்சன் முதலானோர் அன்டார்டிகாவின் காந்தப் படத்திலிருந்து காந்தம் கொண்ட மேலோட்டின் கனத்தைக் கணக்கிட்டார்கள். கனம் தெரிந்தால் 580 டிகிரி எல்லை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். அது தெரிந்தால் பூமியின் உள்ளிருந்து பனியின் அடிக்கு எவ்வளவு வெப்பம் ஏறுகிறது என்று மதிப்பிடலாம். மேற்கு அன்டார்டிகாவில் வெப்பம் கூடுதலாகவும் கிழக்கில் குறைவாகவும் கிடைத்தது. கி.மீ. கணக்கில் கனமான பனிக்கு அடியில் வெப்பமானியை இறக்க முடியாத இடத்தில் இது அரிய தகவல். பனித்தகட்டின் அடிப்புறம் உருகுகிறதா, பாறையோடு உறைந்து நிற்கிறதா என்பது அதன் நகர்வையே தீர்மானிக்கும். முறையின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பாறைகள் எங்கும் ஒரே அளவு காந்தமாகக்கூடியவை என்று கொண்டுதான் கனம் கணக்கிடப்படுகிறது; உண்மையில் அவை அப்படி இல்லை.

2013 நவம்பர் 22-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஒரே ராக்கெட்டில் மூன்று கோள்களை ஏவியது. ஸ்வார்ம் என்ற பெயரில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி. ஒவ்வொன்றும் தண்டோடு சேர்த்து 9 மீட்டர் நீளம். பிராவோ உயரப் பறக்க, ஆல்ஃபாவும் சார்லியும் 460 கி.மீ.யில் பக்கம் பக்கமாகச் செல்கின்றன. நடுக்கோட்டில் இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 150 கி.மீ. எடுத்த எடுப்பில் உயரம் சாம்பைவிடக் குறைவு இல்லை. ஆனால் அளக்கும் முறை வேறு. பக்கத்தில் பக்கம் பறக்கும் இரண்டு கோள்களுக்கும் தொலைவிலுள்ள காந்தமண்டல மின்னோட்டத்தின் புலம் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அது தானாக மறைந்துவிடுகிறது. காலுக்கடியில் இருக்கும் பாறையின் புலமோ 150 கி.மீ.க்குள் மாறிவிடும், கழித்த பின்னும் அது நிற்கிறது. கிழக்கு-மேற்கு வேறுபாட்டை நேரடியாகத் தருவதால், முன்பு பாதையோடு சேர்ந்து அழிந்த வடக்கு-தெற்கு அமைப்புகளும் மீண்டன.

சோதனைகளும் இல்லாமல் இல்லை. தொடக்கத்திலேயே திசைக்கூறு அளவீடுகளில் சூரிய ஒளி விழும் கோணத்தோடு மாறும் சில நானோடெஸ்லா பிசகு தென்பட்டது. அதைக் கணித மாதிரியால் திருத்த வேண்டியிருந்தது. சார்லியின் வலிமை காந்தமானியும் 2014 நவம்பரில் செயலிழந்தது. அதன்பின் ஆல்ஃபாவின் அளவுகளை வைத்தே சார்லி சரிசெய்யப்படுகிறது. பக்கத்தில் ஒரு துணை பறந்ததால்தான் இது முடிந்தது.

2017-இல் ஸ்வார்ம் குழுவினர் வெளியிட்ட மேலோட்டுப் படம் ஏறத்தாழ 250 கி.மீ. விவரம் கொண்டது. அதே ஆண்டில் ஓல்சன், ரவத், ஃபின்லே, கோதர் நால்வரும் எல்சிஎஸ் 1 என்ற மாதிரியை வெளியிட்டார்கள். அது 185-ஆம் படிவரை போனது. இதில் ஸ்வார்மின் கிழக்கு-மேற்கு வேறுபாடுகளோடு சாம்பின் கடைசி ஆண்டுகளின் தாழ்ந்த பாதைகளும் சேர்ந்திருந்தன. ஒரு கோள் எரிந்து ஏழாண்டுகள் கழித்தும் அதன் அளவீடுகள் இன்னொன்றின் துணையால் கூடுதல் விவரம் தந்தன. இந்தப் படங்களில் பாங்குயி அதே இடத்தில், இன்னும் கூர்மையான விளிம்புகளோடு நிற்கிறது. கடலடியில், முன்பு மங்கலாக இருந்த கிரெட்டேசியப் பட்டைகள் முகடுகளுக்கு இணையாக ஓடுவது தெளிவாகத் தெரிகிறது.

250 கி.மீ.க்கும் குறைந்த விவரத்துக்கு விமானங்களும் கப்பல்களும்தான். பல நாடுகளின் அளவைகளைச் செயற்கைக்கோள் மாதிரியோடு இணைத்து 2007-இல் உலகக் காந்தப் பிறழ்வு வரைபடத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2015-இல். ஒட்டும் இடத்தில்தான் சிக்கல். தனித்தனி விமான அளவைகள் சில நூறு கி.மீ. அகலமுள்ளவை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆண்டும் வேறு, கழித்த கருவ மாதிரியும் வேறு. அவற்றின் நீண்ட அலைகளை நம்ப முடியாது. செயற்கைக்கோளின் குறுகிய அலைகளும் இரைச்சலில் அமிழ்ந்தவை. நம்பத்தகுந்த இரண்டும் சந்திக்க வேண்டிய 100 முதல் 250 கி.மீ. வரையான இடைவெளி இன்னும் முழுதாக நிரம்பவில்லை.

2022-இல் சூரியன் மீண்டும் சுறுசுறுப்பாகி இழுவை கூடியதால் ஆல்ஃபாவையும் சார்லியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அதனால் அவற்றின் ஆயுள் நீண்டது. தாழ்ந்த பாதைக் கட்டம் தள்ளிப்போனது. 2023 மே மாதத்தில் சீனாவின் ஜியுச்சுவான் தளத்திலிருந்து மக்காவ் அறிவியல் செயற்கைக்கோள் 1 ஏவப்பட்டது. துருவப் பாதையை விட்டு 41 பாகைச் சாய்வில் சுற்றும் அது, நடுக்கோட்டுப் பகுதியை வடக்கு-தெற்காக வெட்டாமல் சாய்வாகக் கடக்கிறது. ஒவ்வோர் இடத்தையும் நாளின் வெவ்வேறு நேரங்களில் விரைவாகத் திரும்பி வந்து பார்க்கிறது. பகல் நேர மின்தாரைக்கும் இரவுப் பாறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடிக்க அதுவே ஏற்ற பாதை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய தென்னிந்தியா, இலங்கை, நடு ஆப்பிரிக்கா, பெரு ஆகிய பகுதிகளின் மேலோட்டுப் படம் அதன் தரவால் தெளிவடைய இடமுண்டு. சாம்பின் தாழ்ந்த பாதைகளுக்கு நிகரான அளவீடுகளுக்கு, ஸ்வார்ம் இணை தன் கடைசி ஆண்டுகளில் 300 கி.மீ.க்குக் கீழே பக்கம் பக்கமாக இறங்கிவரும் காலம் வரவேண்டும்.